கடைசி வரியில் தாய்மாமன்

திண்டுக்கல்
14.6.2005

சேசு மரி சூசை துணை

பெங்களூரையே விரல் நுனியில் ஆட்டிவைக்கும் என் அக்கா மகள் அன்புக்கரசிக்கு, பஸ் ஸ்டாண்டின் பின்புறம் பரோட்டாக் கடை மாடியில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் கொண்டு அழைப்பிதழ் சாம்ராஜ்யம் நடத்தும் உன் மாமன் ஸ்டான்லி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை சகாயசெல்வி, பிரிண்டர் மூவரும் சுகம். பிரிண்டருக்கு மட்டும் லேசாக இருமல். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. நான் நடந்தால் பின்னால் எறும்புகள் ஊர்வலமாக வருகின்றன. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? மெஸ் சாம்பாரை நம்பாதே.

விஷயம் பெரிது, கவனமாகப் படி. திருட்டு சி.டி. வைத்திருக்கிற கடைகளுக்குப் போலீஸ் வருகிறது என்று ஊரே நடுங்கிய நாளில் நீ வந்து, என் கம்ப்யூட்டர்களைத் துடைத்து, காசு கேட்காத லினக்ஸைப் போட்டுக் கொடுத்தாய். அழைப்பிதழ் செய்ய, நீயும் உன் கூட்டாளிகளும் சும்மாவே எழுதிக் கொடுக்கிற ‘பல்லக்கு’ சாஃப்ட்வேரையும் ஏற்றினாய். ‘இது யாருக்கும் சொந்தமில்ல மாமா, எல்லாருக்கும் சொந்தம்’ என்றாய். ஒரு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி அத்தனையும் பல்லக்கில்தான் போயின. போன மாதம் நீ அனுப்பிய புதுப் பதிப்பைப் போட்டேன். பல்லக்கு என்னைக் கீழே போட்டுவிட்டது.

எரியோடு முத்துச்சாமி மகளுக்குக் காதுகுத்து. மூத்த பிள்ளைக்குச் செய்த அழைப்பிதழ் என்னிடம் இருந்தது. அதையே திறந்து பெயர், தேதி மட்டும் மாற்றினேன். பதினோரு வரி. கடைசி வரி யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமன் சோலைமலை. அந்த வரி, திரையில் எழுத்து அடிக்கிற பெட்டிக்கு வெளியே கொஞ்சம் வழிந்திருந்தது. புதுப் பல்லக்கு அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. நானும் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வரி எங்கே போய்விடும் என்று விட்டுவிட்டேன். நானூறு அடித்தாயிற்று.

ஊருக்குக் கொடுக்கும் முன் முதல் அழைப்பிதழ் தாய்மாமனுக்குத்தானே? மூன்றாம் நாள் சோலைமலை டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. அழைப்பிதழை என் மேஜையில் வைத்து, “அண்ணே, நான் இருக்கனா, செத்துட்டனா? சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். என் உயிர் மாடிப்படி இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தது. நானும் அத்தையும் உட்கார்ந்து நானூறு அழைப்பிதழிலும் அவர் பெயரைச் சீட்டாக ஒட்டினோம். காதுகுத்து நடந்தது. முப்பது தட்டுச் சீரும் கொட்டுமேளமுமாக சோலைமலை வந்தார். பிள்ளை அவர் மடியில்தான் உட்கார்ந்தது. மொத்தச் சேதம்: ஒரு டப்பா பசை, என் மானம்.

கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் பதினெட்டு வருஷம் மனு எழுதியவன் நான். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால் விளக்கு எரியாது. ‘இருட்டில் ஆறு பிள்ளைகளைப் பாம்பு தீண்டிற்று’ என்று எழுதினால் மறுவாரம் பல்பு வரும். படிக்கிற அதிகாரி பத்தில் ஒன்பதைக் கழித்துக்கொண்டுதான் படிப்பார். ஆகையால் எழுதுகிறவன் பத்தாக எழுத வேண்டும். அப்படிப்பட்ட நான் உன் ஆட்களுக்கு மனு எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். ஒழுங்காக ஓடியதை எவன் நோண்டினான் என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன் வயிற்றுக்கு மோர் குடி.
மாமன் ஸ்டான்லி


பெங்களூர்
22.6.2005

அன்புள்ள மாமாவுக்கு,

அன்பு எழுதுவது. வயிறு பரவாயில்லை. நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். எறும்பை வைத்துச் சமாளிக்காதீர்கள். அத்தைக்கு என் அன்பு.

சோலைமலை அண்ணன் கேட்டதைப் படித்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பழைய பல்லக்கு சி.டி. உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கும். இப்போதைக்கு அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

யார் மாற்றியது என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து செய்கிற வேலை, மாமா. அப்துல் ஹக்கீம் என்பவர் ஆரம்பித்தது. யார் என்ன எழுதினாலும் அவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேரும். உங்களுக்கு நடந்ததை இன்டர்நெட்டில் பல்லக்கின் குறைப் பக்கத்தில் எழுதுங்கள். பிரவுசிங் சென்டரில் போய்த் தமிழிலேயே அடிக்கலாம். என்ன செய்தீர்கள், என்ன வந்தது, அது மட்டும் போதும். பாம்பு வேண்டாம்.

உங்கள்
அன்பு


திண்டுக்கல்
3.7.2005

அறிவுக் களஞ்சியம் அன்புக்கரசிக்கு, மாமன் ஆசீர்வாதம். இங்கே வெயிலில் ரோட்டுத் தார் உருகி, பஸ்கள் நீந்திப் போகின்றன. மற்றபடி சுகம். உன் அம்மா நீ போனில் சரியாகப் பேசுவதில்லை என்கிறாள். வேலை அதிகமா, உடம்புக்கு ஏதுமா?

‘ஐந்தாறு பேர் சேர்ந்து செய்கிற வேலை.’ ஆகா! பாலம் இடிந்தால் பொதுப்பணித்துறை சொல்கிற பதில் இது. உன்னைச் சொல்லவில்லை. அந்த ஹக்கீம் என்கிற பெரிய மனிதரைச் சொல்கிறேன். சும்மா கொடுக்கிறோம் என்றால் எதை வேண்டுமானாலும் கொடுப்பதா? அன்னதானத்தில் கல் கிடந்தால் பல் உடையாதா? உன் கடிதம் வரும் முன்னே இன்னும் இரண்டு அழைப்பிதழ் வால் அறுந்து வந்தன. நல்லவேளை, இந்த முறை கடைசி வரியை முதலில் பார்த்தேன். இப்போது பழைய பல்லக்குக்கே திரும்பிவிட்டேன்.

குறைப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. நமக்கு எதற்கு? ஆனால் நம் ஜில்லாவில் நொந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாராவது எழுதினால் மரியாதையாகப் பதில் சொல்லச் சொல்.

அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா? சும்மா கேட்டேன்.

ஒன்றும் அறியாத
மாமன் ஸ்டான்லி


பெங்களூர்
30.7.2005

அன்புள்ள மாமாவுக்கு,

அனைவரும் நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எழுதியிருக்கிறார்கள். ஜூன் கடைசியில் குறைப் பக்கத்தில் வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘ஐயா, தங்கள் பல்லக்கால் அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் விடுபட்டு, என் மகளின் நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டது. மூன்று ஊர் அரிவாளோடு எதிரெதிரே நிற்கிறது. பெண் அன்ன ஆகாரமின்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இந்தப் பாவம் இதை எழுதியவரைச் சும்மா விடாது. இப்படிக்கு, மணமகளின் நொந்த தகப்பன், திண்டுக்கல் ஜில்லா.’

ஹக்கீம் அண்ணன் நம் ஊர்க்காரர், மாமா. பேகம்பூர். ஷார்ஜாவில் வேலை. வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஏழு வருஷமாக அந்த வெள்ளிக்கிழமைகளைப் பல்லக்குக்குத்தான் கொடுத்தார். இதுவரை நன்றி சொல்லி வந்தது மூன்றே கடிதம். திட்டி வந்ததற்குக் கணக்கில்லை. எதற்கும் அசராதவர், இதற்கு அசந்துவிட்டார். நம் ஊரில் அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியுமே! ‘பெண் எப்படி இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரி, விலாசம் கொடுங்கள்’ என்று கீழே மூன்று முறை கேட்டார். பதில் இல்லை. அதற்குள் கனடா, சிங்கப்பூர், கொழும்பு என்று எங்கெங்கோ இருந்து நாற்பது பேர் வந்து, ‘ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவன்’ என்று ஆளுக்கொரு கல் போட்டார்கள்.

‘நான் பார்த்து ஒப்புக்கொண்டேன். பிழை என்னுடையது’ என்று எழுதிவிட்டு அவர் பல்லக்கை நிறுத்திவிட்டார். மூன்று வாரமாக ஒரு வரி எழுதவில்லை.

திண்டுக்கல்லில் அப்படி ஒரு கல்யாணம் நின்றதா, மாமா? நின்றிருந்தால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே.

அன்பு


திண்டுக்கல்
11.9.2005

பிரியமுள்ள அன்புக்கரசிக்கு,

மாமன் ஆசீர்வாதம். ஆறு வாரம் பதில் போடவில்லை என்று கோபப்படாதே. வலது கையில் சுளுக்கு. பேனாவைத் தூக்கினால் பாறாங்கல்லைத் தூக்கியது மாதிரி இருந்தது. இப்போது தேவலை. உன் அத்தைக்கும் முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது அவள் போடுகிற சத்தத்தில் வேடசந்தூரில் குழந்தைகள் விழிக்கின்றன. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கீழே பரோட்டாக் கடைக்காரர் புதுக் கல் வாங்கியிருக்கிறார். ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு இருக்கும். தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிறது. ஆவணியில் முகூர்த்தம் நிறைய. கடையில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாவற்றிலும் கடைசி வரியை முதலில் பார்க்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

கல்யாணம் பற்றிக் கேட்டிருந்தாய். ஊர் பெரிசு. ஜில்லா அதைவிடப் பெரிசு. விசாரித்துப் பார்க்கிறேன். எழுதியவர் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கவும் கூடும். படிக்கிறவர்தான் கழித்துக்கொள்ள வேண்டும். உன் ஹக்கீமுக்கு அந்த விவரம் தெரியாதா?

மாமன்
ஸ்டான்லி


பெங்களூர்
9.10.2005

அன்புள்ள மாமாவுக்கு,

கைச் சுளுக்கு முழுதும் போய்விட்டதா? அத்தையின் காலுக்கு நல்ல டாக்டரைப் பாருங்கள். நான் சாப்பிடுகிறேன்.

அவருக்குத் தெரியவில்லை, மாமா. கழிக்காமல் படித்துவிட்டார்.

ஹக்கீம் அண்ணன் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார். லீவில் அந்தப் பெண் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறார். அழைப்பிதழ் அடிக்கிற கடைகளில் விசாரித்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார். அவரைத் தடுக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன சொல்வது?

அன்பு


திண்டுக்கல்
8.11.2005

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

மழை ஓயவில்லை. வீட்டில் சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் கடிதங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டே போகின்றன.

நேற்று அவர் கடைக்கு வந்தார்.

நான் ஒரு ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, குடையை வாசலிலேயே உதறிவிட்டு, செருப்பை வெளியே விட்டு வந்தார். என் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் மனிதர் அவர்தான்.

“அண்ணே, ஒரு வெவரம் கேக்கணும். வைகாசி, ஆனியில பத்திரிகையில பேரு விட்டுப்போயி எந்தக் கல்யாணமாச்சும் நின்னுச்சா? இது எட்டாவது கட.”

“எதுக்குத் தம்பி கேக்குறீக?” என்றேன்.

“அந்தப் பொண்ணு வீட்டப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரணும்ணே. எந்த ஆஸ்பத்திரின்னுகூடத் தெரியல. பொழைச்சிருச்சான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

கீழே இருந்து டீ வரவழைத்தேன். குடிக்கும்போதுதான் அவர் கண் என் கம்ப்யூட்டரில் பட்டது. கிளாஸை வைத்துவிட்டார்.

“பல்லக்குலயா வேலை பாக்குறீங்க?”

“ஆமா தம்பி.”

எழுந்து வந்து, பிரசவ வார்டில் பிள்ளையைப் பார்க்கிற தகப்பன் மாதிரி குனிந்து நின்று பார்த்தார். பாலசமுத்திரத்துக் கல்யாணம் ஒன்று பாதியில் இருந்தது. “ஏழு வருசத்துல இதுல யாரும் வேலை பாக்குறத நேர்ல பாத்ததில்லண்ணே” என்றார். பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, “பழசு வச்சிருக்கீங்க. நல்லது. புதுசு போட்டுராதீங்க. அதுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பிரிண்டர்கூட நின்றுபோய் எனக்கு அவகாசம் கொடுத்தது.

“அப்படி ஒண்ணும் கேள்விப்படலையே, தம்பி” என்றேன்.

“கேள்விப்பட்டாச் சொல்லுங்கண்ணே” என்று வீணான அழைப்பிதழ் ஒன்றின் பின்னால் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டு, ஒன்பதாவது கடைக்குப் போனார். குடையை இங்கேயே விட்டுவிட்டார்.

மாமன்


திண்டுக்கல்
10.11.2005

அன்புக்கரசிக்கு,

முந்தாநாள் எழுதியது இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. அதற்குள் இது.

அந்த மனு நான் எழுதியது.

குறைப் பக்கம் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அடித்தேன். ‘பாம்பு வேண்டாம்’ என்று நீ எழுதியதையும் கேட்கவில்லை. அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது கூசுகிறது. ‘மூன்று ஊர்’ என்று முதலில் அடித்து, ஐந்தாக்கலாமா என்று யோசித்து, அடக்கத்தோடு மூன்றிலேயே விட்டேன். அவர் விலாசம் கேட்டு எழுதியதையும் படித்தேன். மூன்று முறையும் படித்தேன்.

பதினெட்டு வருஷத்தில் எத்தனை மனு எழுதியிருப்பேன்! அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். எத்தனை பாம்பு விட்டிருக்கிறேன், எத்தனை குடிசையைக் கொளுத்தியிருக்கிறேன், எத்தனை விதவைகளை உண்டாக்கியிருக்கிறேன்! ஒருத்தரும் நம்பியதில்லை. நம்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே எழுதினேன்? நம்பின ஒரே ஆள் மழையில் கடை கடையாக ஏறி இறங்குகிறான்.

குடை இங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கடை நடத்த முடியவில்லை. என்ன செய்யட்டும், நீயே சொல்.

ஸ்டான்லி


பெங்களூர்
19.11.2005

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு என்னைக் கோபித்துக்கொண்டாலும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு முதல் நாளே தெரியும். ‘மூன்று ஊர் அரிவாளோடு’ என்றதுமே தெரியும். சின்ன வயதில் நான் மரத்தில் இருந்து விழுந்ததை நீங்கள் ஸ்கூலுக்கு எழுதின லீவ் லெட்டர் எனக்கு மறக்குமா? அதில் நான் மூன்று மரத்தில் இருந்து விழுந்திருந்தேன்.

‘இவர் என் மாமா, கூட்டி எழுதுவார், எந்தக் கல்யாணமும் நிற்கவில்லை’ என்று ஒரு வரி நான் எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டிக்கு வெளியே வழிகிற வரியை மறைக்கச் செய்தது நான்தான், மாமா. திரையில் பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பல்லக்கில் நான் செய்த முதல் பெரிய வேலை அது. ஹக்கீம் அண்ணன், ‘ஊர் அழைப்பிதழ் ஒன்றை வைத்துச் சோதித்தாயா?’ என்று கேட்டார். சோதித்தேன் என்றேன். சோதிக்கவில்லை. என்னை நம்பி ஒப்புக்கொண்டார். நம் ஊர் அழைப்பிதழில் கடைசி வரி யாருடையது என்று எனக்கா தெரியாது?

உங்கள் மனு பொய் என்று சொன்னால், உண்மையில் நடந்தது என்ன என்ற பேச்சு வரும். அது என் பெயரில் வந்து நிற்கும். அவர், பிழை தன்னுடையது என்று எல்லோர் முன்னும் எழுதினார். நான் அவருக்குத் தனியாக ஒரு ‘நன்றி அண்ணா’ எழுதினேன். நாற்பது பேர் கல் போட்டதை இங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஜூனில், ‘எவன் நோண்டினான்’ என்று நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.

27ஆம் தேதி அவர் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார்.

அன்பு


திண்டுக்கல்
25.11.2005

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

சுகம். உன் கடிதம் நேற்று வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மாமனும் மருமகளுமாக ஒரு மனிதனை இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருக்கிறோம்.

இன்று காலை குடையை எடுத்துக்கொண்டு பேகம்பூர் போனேன். சீட்டு ஒட்டின காதுகுத்து அழைப்பிதழ் ஒன்றையும் எடுத்துப்போனேன். அவருடைய அம்மா குர்ஷித் பேகம் கதவைத் திறந்தார்கள். குடையைப் பார்த்து, “இதுக்காகவா மழையில வந்தீங்க? உக்காருங்க, உக்காருங்க” என்று நாற்காலி போட்டார்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஹக்கீம் எழுந்து வந்தார்.

நின்றுகொண்டே சொன்னேன். “தம்பி, அந்த மனு எழுதினது நான்தான்.”

அவருக்குப் புரியவில்லை. அழைப்பிதழைக் கையில் கொடுத்து, “இதான் நடந்தது. காதுகுத்து. சீட்டு ஒட்டிக் கொடுத்தோம். நல்லபடியா முடிஞ்சிருச்சு” என்றேன்.

“அப்ப கல்யாணம்?”

“நிக்கல.”

“அருவா?”

“எங்க வீட்டுல காய் நறுக்குற அருவாமனை ஒண்ணு இருக்கு. அம்புட்டுத்தான்.”

“அந்தப் பொண்ணு?”

“அப்படி ஒரு பொண்ணே இல்ல, தம்பி. நானாப் பெத்தது.”

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அந்த அம்மா, “நோன்பு முச்சூடும் அந்தப் புள்ளைக்காகத்தானே துஆ கேட்டான்! என்னையும் போன்ல கேக்கச் சொன்னானே!” என்றார்கள். இல்லாத ஒரு பெண்ணுக்காகத் தாயும் மகனும் ஒரு மாதம் கையேந்தியிருக்கிறார்கள், அன்பு. என் வாழ்நாளில் நான் விட்ட புளுகெல்லாம் சேர்ந்து வந்து அந்த வாசலில் நின்றது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. சத்தம் இல்லாத கோபம். “மனுவக்கூட விட்டுர்றேண்ணே. கோவத்துல எழுதிட்டீங்க. அன்னைக்கு உங்க கடையில உக்காந்து டீ குடிச்சேனே, அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வாசல் வரை அவர் வரவில்லை. அந்த அம்மாதான் வந்து, “மழை வலுக்குது, கொடைய நீங்களே கொண்டு போங்க” என்றார்கள். வேண்டாம் என்று நனைந்துகொண்டே வந்தேன்.

உன் விஷயத்தை நான் வாய் திறக்கவில்லை. அது உன் மனு. நீதான் எழுத வேண்டும்.

மாமன்
ஸ்டான்லி


பெங்களூர்
2.2.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நனைந்ததில் வந்த காய்ச்சல் பொங்கலோடு போய்விட்டதாக அத்தை போனில் சொன்னார்கள். போனை உங்களிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எழுத எனக்கு ஏழு வாரம் பிடித்தது. குறைப் பக்கத்தில், அந்த மனுவுக்குக் கீழேயே, என் பெயரில் எழுதினேன். என்ன செய்தேன், எதைச் சோதிக்காமல் சோதித்தேன் என்றேன், அது மட்டும். நாற்பது பேரில் ஏழு பேர் என்னைத் திட்டினார்கள். மற்றவர்கள் திரும்பி வரவேயில்லை. ஹக்கீம் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.’ அவர் திரும்பவில்லை. இப்போது அவர் வேலையை நான்தான் பார்க்கிறேன். வாரம் முழுதும் போதவில்லை; அவர் ஒரு வெள்ளிக்கிழமையில் எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை.

மறைந்த வரியைச் சரிசெய்துவிட்டேன். சி.டி. இத்துடன் இருக்கிறது. எரியோடு அழைப்பிதழைத் திறந்து பார்த்துச் சொல்வீர்களா? என்ன வந்ததோ, அதை மட்டும்.

அன்பு


திண்டுக்கல்
18.2.2006

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

ஸ்டான்லி எழுதுவது. நானும் அத்தையும் நலம். சர்க்கரை இருநூற்றுப் பத்து. உன் நலத்துக்கு எழுதவும்.

திங்கட்கிழமை காலை சி.டி.யைப் போட்டேன். எரியோடு அழைப்பிதழைத் திறந்தேன். மொத்தம் பதினோரு வரி. பெட்டிக்குள் பத்து வரிக்குத்தான் இடம் இருந்தது. பதினோராவது வரி மறையவில்லை. பெட்டிக்கு வெளியே சிவப்பாக நின்றது. ‘ஒரு வரி வெளியே உள்ளது’ என்று கீழே தகவல் வந்தது. பெட்டியைக் கொஞ்சம் இழுத்தேன். வரி உள்ளே வந்து கறுப்பானது. அச்சடித்தேன். கடைசியில் தாய்மாமன் சோலைமலை என்று இருக்கிறது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதையே குறைப் பக்கத்திலும் எழுதினேன். என் பெயரும் கடை விலாசமும் போட்டேன். முதல் மனு பொய் என்பதையும் எழுதினேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். ஹக்கீமிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் போய்ப் பார்ப்பேன்.

மேலே எழுதியதில் கழிக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

ஸ்டான்லி